நீலம் கூடிய சட்டை

மட்டாஞ்சேரியில் நான் துணி வெளுத்துக் கொடுத்த ஒரு வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். எலும்பும் மூக்குக்கண்ணாடியுமாக இருப்பார். வெளுத்த துணியை வாங்க அவரேதான் வருவார். ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பார்ப்பார். கடைசியில் ஒரு சட்டையைத் திருப்பித் தருவார்.

“நீலம் ஜாஸ்தி. திரும்ப அலசு.”

நான் அந்த வீட்டுக்கு வெளுத்த பதினைந்து வருஷமும் இப்படித்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம் வாக்கில் அவர் மகன் என்னிடம் வந்தான். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கிறானாம். அங்கே எல்லார் துணியையும் ஒன்றாகத் துவைப்பதால், அப்பா துணியில் முப்பத்தொன்று என்று நம்பர் போட வேண்டுமாம்.

“அவர்கிட்ட ரெண்டு வாரம் வைத்தியம்னு சொல்லியிருக்கேன். நீ ஒண்ணும் மிண்டாதே.”

மிண்டாதே என்றால் அங்கே பேசாதே என்று அர்த்தம். சேராங்கொட்டை மையால் நம்பர் போட்டு வைத்தேன். ஆனால் மகன் வாங்க வருவதற்கு முன்னால் பெரியவர் வந்துவிட்டார். வழக்கம்போல வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

“ஏடா, இந்த மை போகுமா?”

“துணி கிழியுற வரைக்கும் போகாது, முதலாளி.”

“ரெண்டு வாரத்துக்கு இத்தனை கெட்டி மையா?” என்று சிரித்தார். “நான் பார்த்தேன்னு அவன்கிட்ட சொல்லாதே. பாவம், கஷ்டப்பட்டு ஒரு பொய்யை மனப்பாடம் பண்ணியிருக்கான். வீணாகக் கூடாது.”

துணிக்கட்டை அங்கேயே வைத்துவிட்டு, ஒரு சட்டையை மட்டும் என்னிடம் நீட்டினார்.

“இதுல நீலம் ஜாஸ்தி. அலசி வை. ரெண்டு வாரம் கழிச்சு வந்து வாங்கிக்கறேன்.”

மறுநாள் மகன் வந்து கட்டைத் தூக்கிக்கொண்டான். “அப்பாவுக்கு ஒரு துளிகூடத் தெரியாது” என்றான், பெரிய சாமர்த்தியசாலி மாதிரி.

சட்டையை அலசினேன். நீலம் சரியாகத்தான் இருந்தது. எத்தனையோ ரெண்டு வாரம் போய்விட்டது. சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.