முதல் வரியிலேயே பதில்

பியொன் ஹேஜூ அக்காவின் பொறுமையைப் பற்றி எங்கள் பயிற்சிப்பள்ளியில் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பத்து மாதம் அவளோடு ஒரே அறையில் கிடந்தவள் நான். அது பொறுமையே இல்லை. வெளியே போக வழி தெரியாதவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

யொங்இன் மலையடிவாரத்தில் இருந்தது அந்தப் பள்ளி. கல்லூரி நுழைவுத் தேர்வில் கோட்டை விட்டவர்கள் மறுபடி எழுதுவதற்காகத் தங்கிப் படிக்கும் இடம். பிப்ரவரியில் உள்ளே போனால் நவம்பரில் தேர்வு முடிந்துதான் வெளியே வரலாம். மாதத்துக்கு மூன்று நாள் வீட்டுக்கு விடுவார்கள். கைப்பேசியை வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிற டிராக் சூட். படிப்புக் கூடத்தில் தூக்கம் வந்தால் நின்றுகொண்டே படிக்கப் பின்வரிசையில் உயரமான மேசைகள். பையன்களோடு பேசினால் தண்டனைப் புள்ளி, சோற்றை மிச்சம் வைத்தால் தண்டனைப் புள்ளி. அறை ஜன்னல் ஒரு சாண்தான் திறக்கும். அம்மா என்னை அங்கே இறக்கிவிட்டுக் காரைத் திருப்பியபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

என் பெயர் சூ தாரே. அறை எண் முன்னூற்றேழில் மேல் கட்டில் எனக்கு, கீழ்க் கட்டில் அவளுக்கு. பெட்டியைக்கூட நான் திறக்கவில்லை, அதற்குள் கேட்டாள்.

"எத்தனாவது தடவை?"

"ரெண்டாவது. நீங்க?"

"நாலாவது."

பேருந்து எண்ணைச் சொல்வதுபோலச் சொன்னாள். எந்தப் பாடத்தில் மாட்டிக்கொண்டாள் என்று கேட்டேன். "இங்கிலீஷ்ல பத்தி படிச்சுப் பதில் சொல்ற பகுதி" என்றாள். கணக்கு, அறிவியல் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்களுக்கே சொல்லித் தருவாள். ஆங்கிலத்தில் மட்டும் எண்பது தாண்டவேண்டும். அவள் விண்ணப்பிக்கவிருந்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் நிபந்தனை அது. நூற்றுக்கு எண்பது வந்தால் இடம், எழுபத்தொன்பது என்றால் இல்லை.

ஏன் கால்நடை மருத்துவம் என்று ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் கேட்டேன். யொங்ஜூ பக்கத்துக் கிராமம் அவளுடையது. அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், அம்மா சலவைக்கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது கோமாரி நோய் வந்து, சித்தப்பாவின் மாடுகளை மொத்தமாகக் கொன்று புதைத்தார்கள்.

"ஊசி போட வந்த டாக்டரும் அழுதார்டி. அழுதுகிட்டே ஒவ்வொண்ணுக்கா போட்டார். நோய் வர்றதுக்கு முன்னாடியே வந்திருக்கலாமேன்னு சித்தப்பா கத்துனார். நான் வரணும்னு அன்னைக்கு நினைச்சேன்."

சொல்லிவிட்டு முள்ளங்கிக் கிம்ச்சியைத் தட்டில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச்சில் அவளுடைய நோட்டுகளைப் பார்த்தேன். ஏழு நோட்டு. ஒவ்வொன்றிலும் எறும்பு எழுத்தில் கொரிய மொழியில் பத்திச் சுருக்கங்கள், மொத்தம் அறுநூறுக்கு மேல். பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தேர்வில் வரும் ஆங்கிலப் பத்திகளில் பெரும்பாலானவை முன்பெல்லாம் அரசுக் கல்வித் தொலைக்காட்சி வெளியிடும் பாடநூல்களிலிருந்து அப்படியே எடுத்ததாக இருக்கும். இது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அதனால் யாரும் ஆங்கிலத்தைப் படிக்க மாட்டார்கள். பத்தியின் கொரிய அர்த்தத்தை உருப்போட்டுக்கொள்வார்கள். தேர்வில் முதல் வரியைப் பார்த்ததும் எந்தப் பத்தி என்று தெரிந்துவிடும், மிச்சத்தைத் தொடாமலே பதிலுக்கான வட்டத்தைக் கறுப்பாக்கிவிடலாம். வாத்தியார்களே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது தடவை ஹேஜூ அக்கா அப்படி எழுதி எண்பத்துநாலு வாங்கியவள். அப்போது கணக்கில் அவ்வளவு தேறவில்லை, அந்த வருடம் அது காலை வாரிவிட்டது.

மூன்றாவது வருடம் விதி மாறியது. புத்தகத்துப் பத்திகள் இனி வராது, அதே சாயலில் வேறு பத்திகள் வரும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். அவளும் அந்த அறிவிப்பைப் படித்தாள். ஆனால் அறுநூறு பத்தியைத் தலைக்குள் ஏற்றிவிட்டு எங்கே போய் இறக்குவது? தேர்வில் ஒரு பத்தி, சந்தையில் கூடிய கூட்டம் ஒரு காளையின் எடையை ஊகிப்பதில் தொடங்கியது. அவள் நோட்டில் அதற்கு, 'தனி ஆளைவிடக் கூட்டத்தின் கணிப்பே சரியாக இருக்கும்' என்று இருந்தது. முதல் வரியைப் பார்த்தாள், குறித்தாள், அடுத்ததற்குப் போனாள். வெளியே வந்து பார்த்தால், ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழுந்த உடனே கூட்டத்தின் கணிப்பு கெட்டுவிடும் என்று பத்தி முடிந்திருக்கிறது. நேர் எதிர்ப் பதில். இப்படி ஏழெட்டு. எழுபத்தொன்று.

"சரி, அதான் பட்டாச்சே. இன்னும் எதுக்கு இந்த நோட்டு?" என்றேன்.

"கையில இல்லாட்டி பயமா இருக்குடி."

"பயத்துக்கு நோட்டு போட்ட முதல் ஆளு நீதான்க்கா!"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு மூன்றாவது நோட்டைத் திறந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பழைய தேர்வுத்தாளை அவள் முன்னால் நீட்டி, ஒரு பத்தியைப் படித்துச் சொல்லச் சொன்னேன். முதல் வரியில் கண் பட்டது. உடனே கண்ணை மூடிக்கொண்டு கொரிய மொழியில் கடகடவென்று ஒப்பித்தாள். பத்தியில் அதெல்லாம் இல்லவே இல்லை.

"அக்கா, நீ பாக்குற. படிக்கவே இல்ல."

"தெரியும்" என்றாள். "முதல் வரிய பாத்ததும் உள்ள ஒருத்தி பேச ஆரம்பிச்சிடறா. அவ வாயை மூட மாட்டேங்கிறா." அப்போது அவள் கண் கலங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தின் பூட்டு போதாதென்று இவள் தலைக்குள்ளும் ஒரு பூட்டு இருக்கிறதே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாளே ஏழு நோட்டையும் பிடுங்கி என் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். பால் அட்டையைப் பட்டையாகக் கத்தரித்து, பத்தியின் முதல் வரியை மறைக்கச் சொன்னேன். இரண்டாவது வரியிலிருந்து படிக்கவேண்டும். படித்ததை நோட்டு மொழியில் இல்லாமல் சொந்தப் பேச்சில் எனக்குச் சொல்லவேண்டும். பேச இடம்? மொட்டைமாடியில் துணி காயப்போட இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் விடுவார்கள். வேலி போட்ட மாடி. ஈரத் துணியை உதறிக்கொண்டே அவள் சொல்லுவாள்.

"ஒருத்தன் கூடு கட்டற பறவைய வருஷக்கணக்கா பாத்திருக்கான்டி. கூடு எப்படி கட்டறதுன்னு பிறக்கும்போதே தெரிஞ்சிருக்கும்னு நெனச்சான். பாத்தா முதல் கூடு உதிர்ந்து போகுது. ரெண்டாவதும் அப்படித்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நம்மள மாதிரிதான். மறுபடியும் கட்டுது."

நாங்கள் சிரித்த சிரிப்பில் விடுதிக் காப்பாளர் மெங் அம்மா மேலே ஏறி வந்துவிட்டாள். "ஏய் முன்னூத்தேழு! என்ன கூத்து இங்க?"

"இங்கிலீஷ் படிக்கிறோம்மா."

"அது என்ன வாயால எழுதுற பரீட்சையா? ஆளுக்கு ரெண்டு புள்ளி!"

அந்தக் கிழவியைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது. ஆனாலும் விடவில்லை. ஏப்ரல் மாதிரித் தேர்வில் எழுபத்துமூன்று, ஜூனில் எழுபத்தாறு. செப்டம்பர் மாதிரித் தேர்வு அன்று காலையில் சமையல்காரர் தெரியாத்தனமாகக் கடற்பாசி சூப் வைத்துவிட்டார். தேர்வு நாளில் அதைக் குடித்தால் வழுக்கி விழுந்துவிடுவோம் என்று பெண்களில் ஒருத்தியும் தொடவில்லை. ஹேஜூ அக்கா மட்டும் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள். எண்பத்தொன்று வாங்கினாள்! நான் அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்ததற்கு எனக்கு இன்னும் இரண்டு புள்ளி.

அந்த மாதத்து அறுவடைப் பண்டிகைக்கு அவளைக் கூட்டிப்போக அப்பா வந்தார். மெலிந்த மனிதர், பேருந்து ஓட்டும் வெள்ளைக் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றார். எனக்கும் ஒரு பை ஆப்பிள் கொடுத்துவிட்டு, என் முன்னாலேயே மகளிடம் சொன்னார். "இதான் கடைசி கண்ணு. வந்தா சந்தோஷம். வரலேன்னா விட்டுடு. அம்மாகூட கடையில இரு. அப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

அவர் சொன்னதைக் கேட்டு அவள் முகம் அப்படித் தெளிந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. திரும்பி வந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "எண்பது வந்தாலும் வெளிய, வராட்டியும் வெளிய. எப்படியும் நவம்பர்ல கதவு தொறந்திடும்டி."

"வராட்டின்னு பேசாத. வாயக் கழுவு."

தேர்வு அன்று எங்களைப் பேருந்தில் ஏற்றி ஒரு மேல்நிலைப்பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு இரண்டாம் மாடி, அவளுக்கு நான்காம் மாடி. ஆங்கிலம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மாலையில் வாசலில் பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்பாடா, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"வரைபடம் பத்தி ஒண்ணு வந்துதே, பாத்தியா?" என்றாள். "எல்லாத்தையும் போட்ட வரைபடம் எதுக்கும் உதவாது, சிலத விட்டாத்தான் வழி தெரியும்னு. என் நோட்டுல இருந்தது அப்படியே."

"சூப்பர்! உடனே போட்டுட்ட இல்ல?"

"நம்பலடி. இதுவும் எங்கயாவது நேர்மாறா திரும்பும்னு தேடினேன். மூணு தடவ முழுசா படிச்சேன். எங்கயும் திரும்பவே இல்ல. ஆனா எவ்வளவு அழகா எழுதியிருந்தான் தெரியுமா? நாலு வருஷத்துல இன்னைக்குத்தான் ஒண்ண உட்கார்ந்து படிச்ச மாதிரி இருந்தது. நிமிர்ந்து பாத்தா அஞ்சு நிமிஷம்தான் பாக்கி."

"எத்தனை கேள்வி விட்டுப்போச்சு?"

"ஆறு. எல்லாத்துக்கும் மூணாவது பதிலையே குறிச்சுட்டேன்."

பேருந்தில் கைப்பேசிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். நுழைவுச் சீட்டின் பின்பக்கம் நாங்கள் எழுதி வந்த விடைகளை, வெளியான விடைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பேருந்தில் ஒரு பக்கம் கூச்சல், ஒரு பக்கம் விம்மல். அவளுடையதை நான்தான் கூட்டினேன். மூன்று தடவை கூட்டினேன். மூன்று தடவையும் எழுபத்தொன்பது.

நான் விம்மி விம்மி அழுதேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக்கொண்டு வந்தாள். "அழாதடி. கதவு தொறந்தாச்சு. சலவைக்கடை ஒண்ணும் மோசமில்ல, எங்க ஊர் நாயெல்லாம் எங்க கடை வாசல்லதான் படுத்திருக்கும்" என்றாள். அவள் குரலில் வருத்தம் இருந்தது, பொய் இல்லை.

எனக்குச் சியோலில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, புது அறைக்குத் திரைச்சீலை வாங்கிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நான்தான்டி."

"அக்கா! ஏன் போனையே எடுக்க மாட்டேங்கிற? எங்க இருந்து பேசற?"

"ஆபீஸ்ல இருந்து. ஞாயித்துக்கிழமைன்னா ஒரு கால் விடுவாங்களே."

"எந்த ஆபீஸ்?"

"வேற எந்த ஆபீஸ்? முன்னூத்தேழுதான் மறுபடியும். அதே கீழ்க் கட்டில்."

"உங்கப்பா இதான் கடைசின்னு சொன்னாரே! என் முன்னாடி சொன்னாரே!"

"சொன்னாரு. எழுபத்தொண்ணுலயே நின்னிருந்தா விட்டிருப்பாரு. எழுபத்தொன்பதுன்னு கேட்ட அன்னைக்கே அட்வான்ஸ் கட்டிட்டு வந்துட்டாரு. ஒத்த மார்க்குக்காகவா விடுறது கண்ணுன்னு கேக்கறாரு. அம்மா கேக்குது, சித்தப்பா கேக்கறாரு, கடைக்கு துணி போட வர்றவங்கல்லாம் கேக்கறாங்க. எனக்கு பதில் தெரியல."

கையிலிருந்த திரைச்சீலையைக் கடைக்காரரிடமே திருப்பி நீட்டினேன்.

"உன்மேல கோவமில்லடி" என்றாள். "நீ நல்லாத்தான் சொல்லிக் கொடுத்த."

அந்த எட்டு மதிப்பெண்ணும் என்னால் வந்தது. பேருந்தில் கூட்டிப் பார்த்தபோதுகூட, எட்டு ஏற்றிவிட்டேனே என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் பெருமையாகத்தான் இருந்தது.