வந்த சாமான், வாங்கின சாமான்

குசினிச் சுவரில் கரித்துண்டால் முப்பத்தெட்டாவது கோட்டைக் கிழித்துவிட்டு, ஹாஜறா பொரிக்கிற தாச்சியை அடுப்பில் வைக்கிறாள். தாச்சி ஒரு கொழும்புக் கம்பனி அனுப்பியது. முப்பத்தெட்டுத் தரம் அதில் பொரித்தாயிற்று, இன்னும் இரண்டு தரம் கிடக்கிறது. நாற்பது கோடு நிறையாமல் அந்தத் தாச்சியைப் பற்றி ஒரு சொல் எழுதமாட்டாள். கம்பனிக்காரன் கிழமைக்கு இரண்டு தடவை போன் அடிக்கிறான். அவனுக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான்.

"நாப்பது நாள் போகாம ஆரையும் நல்லமெண்டு சொல்லப்படாது மனே. மருமகனா இரிந்தாலும் சரிதான், தாச்சியா இரிந்தாலும் சரிதான்."

கல்முனைக்குடியில் பலகை, மரம் விற்கிற மரக்காலை வைத்திருந்த அச்சிமுகம்மதின் நாலாவது பெண் இவள். பெண்ணைப் பெற்றால் வீட்டைக் கட்டு என்பது இந்தக் கரையின் சட்டம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவான். அச்சிமுகம்மது ஐந்து பெண்ணுக்கும் ஐந்து வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஹாஜறாவின் பங்குக்கு வந்தது கடற்கரைப் பக்கத்து வீடு. கடல் வந்த அந்த மார்கழியில் அதன் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது; இப்போதிருப்பது அதன்மேல் பிறகு எழுப்பிய சின்ன வீடு. புருசன் நஸீம் பாலமுனை ஆள். கட்டாரில் பன்னிரண்டு வருடம் மூட்டை தூக்கி, முதுகை அங்கேயே வைத்துவிட்டு வந்தவர்.

அந்த நஸீமால்தான் இந்தத் தொழிலே வந்தது. கொரோனா காலத்தில் கட்டாரில் ஓர் அறைக்குள் அவரோடு சேர்த்து ஏழு பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். ஒருவருக்கும் ஓர் ஆணம், ஒரு குழம்பு காய்ச்சத் தெரியாது. ஹாஜறா ஒவ்வொரு நாளும் போனில் எழுதி அனுப்பினாள்: இவ்வளவு புளி, இவ்வளவு உப்பு, கொதி வந்ததும் இறக்கு. மகள் ஹிமாயா அதையெல்லாம் சேர்த்து 'நம்மட குசினி' என்று ஒரு வலைப்பூவில் போட்டுவிட்டாள். ஏழு பேர் வாசித்தது ஏழாயிரம் பேராயிற்று. எந்தச் சட்டி வாங்கலாம், எந்த அடுப்பு நல்லம் என்று தோகாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பெண்டுகள் கேட்கத் தொடங்கினார்கள். பெண்டுகள் கேட்கிற இடத்துக்குக் கம்பனி தானாகவே வரும். வந்தது.

ஹாஜறா படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் கம்பனிகளோடு கதைப்பதற்கு அவளிடம் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு பதிவுக்கு ஒரு காசு என்று வருகிறவர்களை அவள் எடுப்பதில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போற விருந்தாளி எனக்கு வேணாம். பாயும் தலகணியும் கொண்டு வாற விருந்தாளிதான் வேணும்" என்பாள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று கூட நிற்கிறவர்கள், மாதம் பிறந்தால் இவ்வளவு என்று போடுகிறவர்கள். ஒரே நேரத்தில் மூன்று கம்பனிக்கு மேல் கிடையாது. ஒரு வகைச் சாமானுக்கு ஒன்றுதான். முகத்தை வெள்ளையாக்கும் கிறீம்காரன் ஒருவன் ஹிமாயாவின் படத்தைக் கேட்டு வந்தபோது, "கறுப்பா இரிக்கிறது என்ன வருத்தமா மருந்து பூச?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

வளவின் பின்பக்கம் ஹிமாயாவுக்கு எழும்புகிற வீட்டைப் பார்த்தால் இவளுடைய ஐந்து வருட உழைப்பும் தெரியும். சவர்க்காரக் கம்பனியின் காசில் எழும்பிய சுவர் சவர்க்காரச் சுவர். தேயிலைக் கம்பனி கொடுத்தது தேயிலைச் சன்னல். முன்கதவின் நிலை, குக்கர் நிலை. மேசன்மாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்: "ராத்தா, தேயிலைச் சன்னலுக்கு மேலால ஒரு வரி கட்டட்டா?" கூரைதான் இல்லை. மாப்பிள்ளை பேசியாயிற்று. ஐப்பசி மழைக்கு முந்திக் கூரை ஏறினால் கலியாணம்.

இனி, ஹாஜறா எழுதுகிற ஒரு வரியைச் சொல்லவேண்டும்.

கம்பனி காசு கொடுத்து எழுதுகிற ஒவ்வொரு பதிவிலும் ஹாஜறாவின் முதல் வரி இதுதான்: 'இது வந்த சாமான். நான் வாங்கினது இல்லை.' அதற்குப் பிறகுதான் சட்டியோ தேயிலையோ. சட்டம் படித்து இதை எழுதவில்லை. நோன்பு காலத்தில் இந்தத் தெருக்களில் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்தால் வீட்டுக்கு வீடு பீங்கானில் பலகாரம் போகும். கொண்டு போகிற பிள்ளை வாசலில் நின்று முதலில் சொல்வது, "உம்மா சுட்ட" அல்லது "கடையில வாங்கின." அதைச் சொல்லாமல் பீங்கானை நீட்டக்கூடாது. வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதும் இல்லை. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் போகும்.

அடுத்த தெருவில் ஒருத்தி ஒரு நோன்பில், கடையில் வாங்கிய றோல்ஸை "உம்மா சுட்ட" என்று சொல்லி அனுப்பி, றோல்ஸுக்குள் கடைக் கடுதாசித் துண்டு அகப்பட்டு, இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அந்த மனிசி மௌத்தாகியும்விட்டா. இன்றைக்கும் அவவுடைய பேத்திக்குச் சம்பந்தம் பேசினால், "ஆரு, அந்த றோல்ஸ் குடும்பமா?" என்றுதான் கேட்கிறார்கள். ஊர் அப்படி. ஹாஜறாவும் இந்த ஊர்தான்.

இந்த வருடம் நோன்புக்கு இரண்டு மாதம் கிடக்கையில் வெந்நீரில் கரைக்கிற தேங்காய்ப்பால் மாக் கம்பனி ஒன்று வந்தது. வளவுக்குள் மூன்று தென்னை காய்த்து நிற்கிற பெண்ணிடம் தேங்காய்ப்பால் மாவை எழுதக் கொடுத்த துணிச்சலைப் பாருங்கள். ஹாஜறா சிரிக்கவில்லை. கட்டாரில் அறைக்குள் கிடக்கிற பிள்ளைக்குத் தென்னை எங்கே? ஒப்பந்தம் முழுதாக ஒரு வருடத்துக்கு. அதை வாசித்துவிட்டு, "ஹிமாயா, கூரை வந்துட்டு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கம்பனிக்காகக் கதைத்தவன் பஸால் என்ற பொடியன். போனில் கதைக்கிற எவரையும் இன்னார் மகன் என்று அறியாமல் ஹாஜறா விடமாட்டாள்.

"எந்த ஊர் மனே?"

"அக்கரைப்பற்று, மேடம்."

"அக்கரைப்பற்றில ஆருட மகன்? உம்மா எந்த ஊர்?"

மூன்றாம் கேள்வியில் அவனுடைய உம்மா பாலமுனை என்பதும், நஸீமுக்கும் அவளுக்கும் தாய்வழியில் ஒரே குடி என்பதும் வெளியே வந்துவிட்டன. அன்றிலிருந்து மேடம் போய் மாமி ஆயிற்று.

மாவுக்கும் சுவரில் வேறாக நாற்பது கோடு நிறைந்தது. ஹாஜறா எழுதினாள். முதல் வரி வழமைபோல. பிறகு, சொதிக்கும் மீன் ஆணத்துக்கும் இந்த மாவில் குறையில்லை, அவசரத்துக்கு நல்லம். கடைசியாக, பெருநாளைக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் அடித்து அவிக்கிற இனிப்பைப் பற்றி, 'வட்டிலப்பத்துக்கு மட்டும் வேண்டாம். மூன்று தரம் அவித்துப் பார்த்தேன். மூன்று தரமும் இறுகாமல் தண்ணீர் விட்டது.'

பஸால் போன் அடித்தான். "மாமி, அந்த முதல் வரியக் கண்டா ஆக்கள் அங்கால வாசிக்கிறாங்க இல்ல. கடைசில, சின்ன எழுத்தில போடுவமா?"

"பீங்கானை நீட்டக்குள்ளதான் சொல்லுற. திண்டு முடிஞ்ச பொறகு சொல்லி என்னத்துக்கு?"

"வட்டிலப்பக் கதைய எண்டாலும் எடுத்துடுங்க. பெருநாளைக்கு எல்லாரும் அதைத்தானே தேடுவாங்க."

"தேடுவாங்க. அதுக்குத்தான் எழுதியிரிக்கன்."

எழுதினது எழுதினபடி போயிற்று. கம்பனி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத கம்பனி என்ன செய்துகொண்டிருந்தது என்பது பெருநாளுக்கு அடுத்த நாள்தான் தெரியவந்தது.

அன்றைக்கு நஸீமின் தங்கச்சி முஸ்பிறா பாலமுனையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்து இறங்கினாள். கையில் ஒரு பெரிய தட்டம், மேலே துணி. சலாமும் சொல்லவில்லை. தட்டத்தை மேசையில் வைத்தாள். உள்ளே மண்ணிறத்தில் ஏதோ தளதளவென்று ஆடியது.

"மச்சி, இதைத் திங்கிறதா, குடிக்கிறதா? நீயே சொல்லு."

"என்னடி இது?"

"வட்டிலப்பம். முப்பது முட்டை! முட்டை விக்கிற விலைக்கு முப்பது முட்டை. மகன்ட புதுச் சம்பந்திமார் வந்து குந்தியிரிக்காங்க. சம்பந்திப் பொம்புள கரண்டியால கோரிக் கோரிக் குடிச்சா. 'ரசம் நல்ல இனிப்பு' எண்டு சொல்லிட்டுப் போறா."

"நான் வேணாமெண்டுதானே எழுதின!"

முஸ்பிறா போனைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தாள். கம்பனியின் பக்கம். அதில் ஹாஜறா வட்டிலப்பத் தட்டத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அது முந்தின வருடப் பெருநாளில், சொந்தத் தேங்காயில் அவித்த வட்டிலப்பத்தோடு ஹிமாயா எடுத்த படம். கீழே எழுத்து: 'எங்கள் பாட்டி காலத்து வட்டிலப்பத்தின் ரகசியம் இப்போது ஒரு பாக்கெட்டில்! தேங்காய் துருவும் தொல்லையை நான் விட்டுவிட்டேன். உங்கள் ஹாஜறா, நம்மட குசினி.' வந்த சாமான் என்ற வரி இல்லை. வேண்டாம் என்ற வரியும் இல்லை.

"பாட்டியா? எனக்கு எங்கால பாட்டி வந்த? நாங்க மூத்தம்மா எண்டுதானே சொல்லுற. எங்கட மூத்தம்மாவுக்கு இனிப்பெண்டாலே ஆகாது, நீரிழிவு வருத்தக்காரி!" ஹாஜறா கையை விரித்துக் காட்டினாள். "தேங்காய் திருவுறத உட்டுட்டனாம். இன்டைக்கு விடியத் திருவின பூ இன்னும் கையில ஒட்டிக் கிடக்கு!"

"மச்சி, உன்ட முகம் இரிக்கி. உன்ட பேர் இரிக்கி. நான் மறுகா ஆரை நம்புற?"

அடுத்தவன் மரத்தில் ஒரு தேங்காயைச் சொல்லாமல் பிடுங்கினால் கள்ளன் என்கிறோம். ஒருத்தியின் முகத்தைப் பிடுங்கி, வாயைப் பிடுங்கி, அவளுடைய மௌத்தாகிப்போன மூத்தம்மாவையும் பேர் மாற்றிப் பிடுங்கிக்கொண்டு போனால் அதற்கு என்ன பேர்? கம்பனி ஒப்பந்தத்தில் அதற்கு வைத்திருக்கிற பேர் கூட்டுமுயற்சி. நல்ல கூட்டு! ஒருத்தி நாற்பது தரம் அடுப்பில் வேகவேண்டும், மற்றவன் இரண்டு வரியை அழித்துவிட்டு முதலாளியாக நிற்கவேண்டும்.

முஸ்பிறா பார்த்திருக்கவே பஸாலுக்குப் போன் போயிற்று.

"மாமி, அது விளம்பரப் பிரிவு செஞ்ச வேலை. எனக்கும் பிந்தித்தான் தெரியும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்க இதைப் பெரிசாக்காம உட்டா, வருசக் காசு முழுக்க இந்த மாசமே போடச் சொல்லியிரிக்காங்க. இனிமேலும் அந்த முதல் வரி மட்டும் வேணாமாம்."

போன் சத்தமாகத்தான் வைத்திருந்தது. ஹிமாயா கேட்டாள். நஸீமும் கேட்டார். முழுக் கூரையும் ஒரே போனில் வந்து நின்றது.

"ஒரு வரிதானே உம்மா" என்றாள் ஹிமாயா. சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. அவளைக் குறை சொல்ல ஏலாது. அவளோடு படித்தவர்களெல்லாம் கூரைக்குக் கீழே பிள்ளை தாலாட்டுகிறார்கள்.

ஹாஜறா மகளைப் பார்த்தாள், சன்னலால் தெரிந்த சவர்க்காரச் சுவரைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்துக் கேட்டாள்.

"பஸால், நோன்புக்கு உங்கட உம்மா பீங்கான் தந்து அனுப்பினா, என்ன சொல்லச் சொல்லுவா?"

"மாமி..." என்று இழுத்தான் பஸால்.

"சொல்லு மனே. நீயும் கொண்டுபோன புள்ளதானே."

"சுட்டதா, வாங்கினதா எண்டு சொல்லச் சொல்லுவா. ஆனா மாமி, இது வேற..."

"என்ன வேற? அது பீங்கான், இது பெட்டி. மறுகா என்ன வித்தியாசம்?"

போனை வைத்துவிட்டாள். நஸீம் முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "கூரை இரிந்த ஊட்டையும்தான் கடல் கொண்டுபோன" என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார். அந்த மனிசன் ஒரு மாதத்தில் கதைத்த நீளமான கதை அதுதான்.

அன்றிரவே முஸ்பிறாவின் தட்டத்தைப் படம் எடுத்து, தளதளவென்று ஆடுகிறபடியே போட்டு, ஹாஜறா எழுதினாள்: 'கம்பனியின் பக்கத்தில் இருப்பது என்னுடைய முகம். என்னுடைய வாய் இல்லை. நான் எழுதியது கீழே இருக்கிறது.' கம்பனி மூன்றாம் நாள் படத்தைக் கழற்றியது. மன்னிப்பென்று ஒரு சொல் இல்லை. கடிதம்தான் வந்தது: ஒப்பந்தம் முடிந்தது, மிச்சப் பாக்கெட்டுகளையும், கம்பனி பேர் போட்ட ஏப்ரனையும், அளக்கிற கரண்டியையும் வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்பவும். ஒரு கரண்டி! தேயிலைக் கம்பனியும் அடுத்த மாதத்தோடு சத்தம் போடாமல் நழுவிக்கொண்டது. வாய் உள்ளவளோடு எவன் கூட்டுச் சேர்வான்? மேசன் வந்து நூலைச் சுருட்டிக்கொண்டு, "மழைக்குப் பொறகு பாப்பம் ராத்தா" என்று போனான். மாப்பிள்ளை வீட்டாரும் அதையேதான் சொன்னார்கள்.

பெட்டியை எடுக்கக் கூரியர்காரன் வந்தபோது எல்லாம் உள்ளே அடுக்கியிருந்தது. ஏப்ரனைத் தோய்த்து, மடித்து வைத்திருந்தாள். கரண்டியைக் கடுதாசியில் சுற்றியிருந்தாள். ஹிமாயா நாடா ஒட்டி மூடினாள். கூரியர்காரன் தராசில் தூக்கி வைத்து நிறையை எழுதினான்.

"நில்லுங்க" என்றாள் ஹாஜறா. கத்தியை எடுத்து நாடாவைக் கிழித்தாள்.

"இன்னும் என்ன உம்மா?"

ஹாஜறா வளவுக்குள் போனாள். குவியலில் ஒரு தேங்காயை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் குலுக்கிப் பார்த்தாள். அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். அலவாங்கில் குத்தி உரித்து, குடுமியை விட்டு, கொண்டுவந்து பாக்கெட்டுகளுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்தாள்.

"நிறை கூடிட்டு ராத்தா. காசும் கூடும்."

"கூடட்டும்."

ஹிமாயா மறுபடி நாடாவை இழுத்து ஒட்டினாள். ஹாஜறா குசினிக்குள் போய்ச் சுவரோரம் கிடந்த கரித்துண்டை எடுத்து வந்தாள். பெட்டியின் மேல் மூடியில், கூரியர்காரன் காத்து நிற்க, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்: 'தேங்காய் ஒன்று. வாங்கினது இல்லை. எங்கட மரம்.'