நைனாவின் கண்ணோரத்து மஞ்சள்

என் அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். நாற்பத்திரண்டு வயது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்த மூன்றாம் நாள், ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்துவிட்டான். வண்ணாரப்பேட்டையில் நான் துணி தைக்கும் கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சேருவதற்குள், இதயக் குழாயில் அடைப்பை எடுத்து வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். "உங்க அப்பா இருக்காரா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். எனக்குப் பன்னெண்டு வயசுல பூட்டாரு. வலை இழுத்துகினு இருக்கசொல்ல அப்படியே சாஞ்சிட்டாரு. பேய்க்காத்து அடிச்சிருச்சின்னு சொன்னாங்க."

"அப்ப அவருக்கு என்ன வயசு?"

நாற்பத்திநான்கு. சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு நைனா வயதான ஆளாகத்தான் தெரிந்தார். எனக்கு இப்போது முப்பத்தொன்பது. இன்னும் ஐந்தே வருடம்.

டாக்டர் அண்ணனின் கண் இமையைக் காட்டினார். மூக்கை ஒட்டிய ஓரத்தில் மஞ்சளாக, பருப்பு அளவுக்கு ஒரு தடிப்பு. நைனாவுக்கும் அது இருந்தது. அதிர்ஷ்டம் என்பார்கள் எங்கள் வீட்டில். எனக்கும் வந்தபோது அம்மா சந்தோஷப்பட்டாள். டாக்டர் குனிந்து என் கண்ணைப் பார்த்தார்.

"இது கொழுப்பும்மா. இது வந்த எல்லாருக்கும் ரத்தத்துல கொழுப்பு அதிகமா இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஆனா உங்க குடும்பத்துல எனக்குச் சந்தேகமா இருக்கு. நீங்களும் டெஸ்ட் எடுத்துடுங்க."

"நான் நாப்பத்தாறு கிலோதான் மேடம்."

"ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும்."

அவர் எழுதித் தந்த சீட்டைப் பத்தொன்பது நாள் பர்சிலேயே வைத்திருந்தேன். எடுக்காதவரை ஒன்றும் இல்லை என்று ஒரு நினைப்பு. மெட்ரோ படிக்கட்டில் பாதியில் நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். வாயுத் தொல்லை வந்தாலும் சாவு வந்ததுபோல வியர்த்தது. மூன்று வேளையும் கஞ்சி. பஜ்ஜிக் கடை வாசனை வந்தால் எதிர்ப்பக்கம் போய் நடந்தேன். மிஷினில் தையல் கோணலாக ஓடியது. மணலியில் ஷிப்டுக்குப் போய்வரும் கணவர் ஏன் இளைத்துவிட்டாய் என்று கேட்டார். வெயில் என்றேன்.

வீடு திரும்பிய அண்ணனைப் பார்க்கப் போனபோது, பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி கேட்டான்.

"டெஸ்ட் எடுத்தியா மே?"

"எடுக்கணும்ணே. பயமா கீது."

"எனக்கு எவனாச்சும் முன்னாடியே சொல்லிருந்தா ஓடிப் போயி எடுத்திருப்பேன். உனக்கு சொல்லிட்டாங்க இல்ல?"

மறுநாள் காலையில் ரத்தம் கொடுத்தேன். நூறை ஒட்டி இருக்க வேண்டிய கெட்ட கொழுப்பு இருநூற்று அறுபதைத் தாண்டியிருந்தது.

"பத்தொம்போது நாள் கஞ்சிதான் மேடம் குடிச்சேன்" என்று டாக்டரிடம் அழுதேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கொழுப்பு சாப்பாட்டுல இருந்து மட்டும் வர்றதில்லம்மா. பெரும்பாலும் உங்க ஈரலே செய்யுது, உடம்புக்கு அது வேணும். மிஞ்சினதை ரத்தத்துல இருந்து திரும்ப எடுக்கறதும் ஈரல்தான். உங்க குடும்பத்துல அந்த எடுக்கற வேலை சரியா நடக்கல. அதனால சின்ன வயசுல இருந்தே குழாய்ச் சுவர்ல படிஞ்சுக்கிட்டே போகுது."

"வலிக்கவே இல்லியே மேடம்."

"வலிக்காது. அதுதான் ஆபத்து."

மீன் சாப்பிடலாம், குழம்பாக. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வறுக்கக் கூடாது. தினமும் நடக்க வேண்டும். ஆனால் எனக்கு இதெல்லாம் மட்டும் போதாது, மாத்திரை கட்டாயம் என்றார்.

மாத்திரையும் பயமாகத்தான் இருந்தது. ஆரம்பித்தால் விட முடியாது, ஈரல் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தொடை வலிப்பதுபோல இருந்ததும் நானாகவே ஒரு வாரம் நிறுத்திவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. ஈரலுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, பழுதில்லை என்று காட்டி, மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "வலிச்சா என்கிட்ட வாங்க. நீங்களா நிறுத்தாதீங்க." மூன்று மாதத்தில் அந்த எண் பாதியாக இறங்கியது.

ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு எழுந்தபோது கேட்டார். "உங்களுக்குக் குழந்தைங்க?"

"ஒரு பொண்ணு. பதினஞ்சு வயசு."

"அவளுக்கும் பார்க்கணும். இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

அதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அன்றுதான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "நானும் கூட வரேன்" என்றார்.

மகளுக்கு ரத்தம் எடுத்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு மகளின் போனுக்கே வந்தது. சாயங்காலம் நான் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து என் எதிரில் குந்தினாள்.

"எனக்கும் கீதும்மா."

கையெல்லாம் செதில். அப்படியே அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"யூனிபார்ம்மா" என்றாள். ஆனால் விலகவில்லை.

குழந்தைகளுக்கான டாக்டர் பார்த்துவிட்டு அவளுக்கும் மாத்திரை தொடங்கினார். இவ்வளவு சீக்கிரம் தெரிந்தது நல்லது, நீண்ட காலம் நன்றாக இருப்பாள் என்றார். ஓடலாமா, விளையாடலாமா என்று கேட்டேன். கட்டாயம் ஓட வேண்டும் என்றார்.

போன மாதம் பள்ளி விளையாட்டு விழாவில் நானூறு மீட்டர் ஓடினாள். பாதிவரைதான் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலிருந்த கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். திறந்தபோது அவள் கோட்டுக்கு அப்பால் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றாள். மைதானத்தின் குறுக்கே செருப்பில்லாமல் ஓடினேன்.

"மூச்சு வாங்குதும்மா, அவ்ளோதான்" என்றாள். "நாலாவதா வந்தேன். பார்த்தியா?"

பார்த்தேன் என்று சொன்னேன்.