ஒட்டுப் பிடிக்காத இரும்பு

வேனின் பக்கக் கதவு மூடாமல் போன அன்று நான் கதவைத்தான் குறை சொன்னேன். கிரீஸ் போட்டேன், தட்டிப் பார்த்தேன், கடைசியில் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிப் போனேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து கொட்டகலைப் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரே வாகனம் அதுதான். பஸ் கீழே பெரிய ரோட்டோடு நின்றுவிடும். கொழும்பில் ஒரு ஹோட்டலில் ஒன்பது வருஷம் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் அந்தப் பழைய வேனை வாங்கியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கினிகத்தேனையிலுள்ள கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ்காரர் வயதான சிங்களவர். பாஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் கதவைத் தொடவே இல்லை. வேனுக்கு அடியில் படுத்து, ஸ்குரூ டிரைவரால், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸியைக் குத்தினார். தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல அது பிடிவரைக்கும் இறங்கியது. துருத்தூள் அவர் முகத்தில் கொட்டியது.

"நடுவுல தொங்குது மல்லி. அதுதான் கதவு மூடல்ல." தம்பி என்பதை அவர் மல்லி என்றுதான் சொல்வார்.

"ஒட்டிறலாம்ல பாஸ்?"

"ஒட்டலாம். எதுல ஒட்டுறது? ஒட்டுப் புடிக்க பக்கத்துல நல்ல இரும்பு வேணும்தானே."

இல்லையென்றால் சேஸியையே மாற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாகனங்கள் இறக்குமதியாவது நின்றுபோயிருந்த காலம் அது. உடைத்து விற்கிறவர்களிடமும் நல்ல சாமான் இல்லை. இரண்டு வாரம் தேடி, அதே மாதிரி வேனின் சேஸி ஒன்றைக் கண்டுபிடித்தேன். கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. பாஸும் கூட வந்தார். சாவியால் ஓரிடத்தில் சுரண்டினார், இன்னோரிடத்தில் சுரண்டினார். இரண்டிடத்திலும் துரு உதிர்ந்தது.

"இதுவும் ஒங்க சேஸிதான். பெயின்ட் மட்டும் புதுசு," என்றார்.

அதனால் ஒட்டினோம். இரண்டு பக்கமும் தகடு வைத்து வெல்டிங் அடித்துவிட்டு, ஆள் ஏற்ற வேண்டாம் என்று பாஸ் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா சொன்னார்:

"மெதுவா ஓட்டுங்கண்ணே. நடந்து போனா மழையில நனைஞ்சு, அட்டை கடிச்சு, பாதி நாளு புள்ளைங்க போகாதுங்க."

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஒருவர்கூட நிறுத்தச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மகளின் புத்தகப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க புள்ளைங்களுக்கு அவங்க சொல்லட்டும். என் புள்ளை நடந்து போவட்டுங்க," என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை அது.

திங்கட்கிழமை முழு வேனையும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். இரண்டாவது வளைவில் மகள் ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஒதுங்கி நின்றாள். நான் பிரேக் போடவில்லை. செவ்வாயும் அப்படித்தான். புதன்கிழமை பின்சீட்டிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை கேட்டது:

"மாமா, அக்கா மட்டும் ஏன் நடந்து வாறாங்க?"

அந்த ஒட்டுத் தகட்டின்மேல் இருந்த பிள்ளைகள் எல்லாம் வேறு யாரோ பெற்றவை. அன்று மாலை எல்லோரையும் இறக்கிவிட்டு, வேனை எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நிறுத்தித் தார்ப்பாயால் மூடினேன்.

நான் நல்லது செய்ததாக யாரும் நினைக்கவில்லை. கோயிலடியில் பேசிய அம்மா இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருடைய மூத்த மகள் அந்த மழைக்காலத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாளாம். அவளுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றார்கள். என் மகள் போகிறாள், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் இருமலோடு படுத்துக்கொள்கிறாள்.

நான் வேறொருவரின் மரக்கறி லொறி ஓட்டுகிறேன். "நீங்க செஞ்சது சரிதாங்க," என்று மனைவி ஒருமுறை சொன்னாள். அன்று வெளியே மழை வலுத்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் புறப்பட்ட பிள்ளைகள் இன்னும் மேலே வந்து சேரவில்லை.