அவனை மாதிரி

சினிமாவுக்கு இசை போடுகிறவர்களின் தலையெழுத்தில் கொடியது டெம்ப். படத்தைத் தொகுக்கும்போது காட்சி வெறிச்சென்று இருக்கிறதே என்று எடிட்டர் எங்கிருந்தோ ஒரு பழைய இசையை எடுத்துத் தற்காலிகமாக ஒட்டிவைப்பார். இயக்குநர் அதை மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு அதன்மேல் பைத்தியமாகிவிடுவார். அதற்குப் பிறகுதான் இசையமைப்பாளரைக் கூப்பிடுவார்கள். புதிதாக வேண்டுமாம், ஆனால் இதே மாதிரி வேண்டுமாம். லாஸ் ஏஞ்சல்ஸில் இதனால் வயிறெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர்.

மார்வின் கோஸ்லோவுக்கு வாய்த்தது அதைவிட மோசம். இயக்குநர் பெய்ஜ் மயங்கிக் கிடந்த டெம்ப், மார்வினே எழுதியது.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக எழுதினார். திரையில் வந்தது அவருடைய முதலாளியான பெரிய இசையமைப்பாளரின் பெயர். வெளியில் மூச்சுவிட மாட்டேன் என்று மார்வின் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த வாரம்தான் மனைவி நோரீனுக்குத் தலையில் அறுவை சிகிச்சை. பிழைப்பாளா என்று கேட்டால் டாக்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி நாற்காலியில், மடியில் தாளை வைத்துக்கொண்டு அவர் எழுதிய இசை அது. நோரீன் பிழைத்தாள். குண்டானாள். இன்றுவரை அவரைக் கேலி செய்தே வாழ்கிறாள்.

இப்போது அறுபது தாண்டி, தன் பெயர் மட்டும் தனியாக வரப்போகிற முதல் படம். இரண்டு முறை போட்டுக் காட்டியும் பெய்ஜுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதும் தேறாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகத் தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

"உன்னை நீயே காப்பியடிக்கத் தெரியலையா, மார்வ்?" என்றாள் நோரீன், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

"அப்படியே அடிச்சா கேஸ் போடுவாங்க. அது இப்ப அந்த சீரியல் கம்பெனி சொத்து."

"அப்ப அன்னிக்கு மாதிரி என்னை நினைச்சுக்கிட்டு எழுது."

"நினைச்சுப் பார்த்தேன். நீ நல்லா கல்லு மாதிரி கண்ணு முன்னாடி நிக்கிறியே!"

"மன்னிச்சுக்கோப்பா, சாகாம இருந்துட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். மார்வினுக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் சொன்னதில் இருந்த நிஜம் அவரைச் சுட்டது. அந்தப் பயம் போய்விட்டது, அதோடு அப்படி எழுதிய கையும் போய்விட்டது.

வியாழக்கிழமை பெய்ஜ் வந்தாள். கார் ஷெட்டைத் தடுத்துக் கட்டிய அவருடைய இசையறையில் உட்கார்ந்து மூன்றாவதைக் கேட்டாள். திரையில் ஒரு தகப்பன் குழந்தையின் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தான். இசை முடிந்தது. அவள் நகத்தைக் கடித்தாள்.

"அழகா இருக்கு மார்வின். நிஜமாவே. ஆனா அழகு மட்டும்தான் இருக்கு. டெம்ப்ல அந்த ஆளு என்ன பண்ணியிருக்கான் பாருங்க... அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்கு அது தெரியல."

இத்தனை வருடம் கட்டிக்காத்த வாயை மார்வினால் அதற்குமேல் கட்ட முடியவில்லை.

"அந்த ஆளு நான்தான்."

"என்னது?"

"நான் எழுதினது, பெய்ஜ். பேருதான் அவரோடது. வேணும்னா இப்பவே உக்காந்து முழுசா வாசிக்கிறேன்."

வாசித்தார். தாளில்லாமல், தடுமாறாமல். அவள் நம்பிவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. இனி மரியாதை வரும், இன்னொரு தவணையாவது கிடைக்கும் என்று அந்த நப்பாசை பிடித்த மனிதர் காத்திருந்தார்.

அவள் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரலில் துளிக்கூடக் கிண்டல் இல்லை. நோயாளியை விசாரிக்கிற மாதிரி, தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டாள்.

"அப்புறம் உங்களுக்கு என்ன ஆச்சு, மார்வின்?"