முன்னால், சோத்தாங்கைப் பக்கம்

காஞ்சனா அக்கா எத்தனை கல்யாணங்களைப் பார்த்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. எல்லாம் மல்காஜ்கிரியில், எங்கள் அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில், ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் பார்த்தவை. கோபி என்பவரின் ஸ்டூடியோவுக்கு வீட்டிலிருந்தே வீடியோ எடிட் செய்து கொடுப்பது அவர் வேலை. பையன்கள் மண்டபங்களுக்குப் போய்ப் படம்பிடித்து வருவார்கள். அக்கா வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பார். திரையில் தாலி ஏறும் நேரத்தில் அடுப்பில் குக்கர் கூவும்.

நான் எதிர் வீடு. தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். தெலுங்கு வராது, பேச்சும் அதிகம் வராது. அக்கா இங்கேயே ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். மாடிப்படியில் என்னைப் பார்த்தால் தமிழில் பேச ஆள் கிடைத்த மாதிரி நின்றுவிடுவார்.

ட்ரோன் பையன் எடுத்து அனுப்பும் காட்சிகள் மட்டும் அக்காவுக்கு ஆகவே ஆகாது.

"பஸ்ஸைப் புடிக்க ஓடறவன் மாதிரி ஓடறான் தம்பி. ஒரு மொகத்தையாவது முழுசா பாக்க வுடறானா?"

ஒரு நாள் கோபியிடம் கேட்டே விட்டார், மண்டபத்துக்குள் ட்ரோனைத் தானே ஓட்டுவதாக. கோபி முதலில் சிரித்தார். அப்புறம், "ஹவ், சரி மேடம், ஞாயித்துக்கிழமை உப்பல் ஹால் காலியாத்தான் இருக்கு. வாசல்லேர்ந்து மேடை வரைக்கும் முட்டாம ஓட்டிக் காமிங்க. இல்லேன்னா அந்தப் பையனையே வருஷத்துக்கும் வேலைக்குப் பேசி முடிச்சிடுவேன்" என்றார்.

வீட்டுக்குள் வெட்டிக்கொண்டிருந்தவர் மண்டபத்துக்குள் போக இருந்த ஒரே வாசல் அது. அக்கா அதற்குப் பல மாதங்களாகவே தயாராகிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் ட்ரோன் ஓட்டிப் பழகும் விளையாட்டு ஒன்று உண்டு. அரிசி ஊறும் நேரமெல்லாம் ரிமோட்டும் கையுமாக அதில்தான் இருப்பார். ட்ரோனையும் தானே கட்டப் போவதாகச் சொன்னார். கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கலாமே என்று கேட்டதற்கு, "ஒடைஞ்சா கடைக்காரன் கையைப் பாக்கணும். நானே கட்டினா நானே சரி பண்ணிக்குவேன்" என்றார்.

பாகங்கள் தனித்தனிப் பொட்டலங்களாக வந்தன. உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டம், மூலைக்கு ஒன்றாக நாலு மோட்டார், நடுவே தபால்தலை மாதிரி ஒரு போர்டு, முன்னால் கடுகுக் கண்ணோடு ஒரு கேமரா. கேமரா பார்ப்பதை ஓட்டுகிறவர் கண்ணில் மாட்டிய பெட்டிக் கண்ணாடியில் பார்ப்பார். ஏறி உட்கார்ந்து ஓட்டுவது போலவே இருக்கும். ராணுவ இடங்கள் பக்கத்தில் இருப்பதால் மொட்டை மாடியில்கூடப் பறக்கவிடுவதில்லை என்று அக்கா முடிவு செய்திருந்தார். எல்லாம் கூடத்துக்குள்தான். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் அவர் கணவர் கிரி அண்ணன், சால்டரிங் அயர்னைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்தார்.

"கொசுவுக்கு ஈயம் வெக்கறா பாரு தம்பி."

சனிக்கிழமை காலையில் செட்டிங் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார் அக்கா. எந்த மோட்டார் எந்த மூலையில் இருக்கிறது என்று போர்டுக்குத் தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும். விசிறிகளை மாட்டாமல் கம்ப்யூட்டர் ஒவ்வொரு மோட்டாராகச் சுற்றவைக்கும். அக்கா ட்ரோனைப் பார்த்து இடத்தைச் சொல்வார், நான் திரையில் அந்த மூலையை அழுத்துவேன்.

"எது சுத்துது அக்கா?"

"முன்னாடி, குடி பக்கம்."

"குடியா?"

கட்டிலில் கிரி அண்ணன் சிரித்தார். "இந்த வீட்ல அது நக்கோ தம்பி. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்."

"சும்மா இருங்க. அது தெலுங்கு தம்பி. லெஃப்ட், ரைட்டுன்னா எனக்கு எப்பவும் மாறிப்போகும். எங்கம்மா சொல்லிக்குடுத்த மாதிரியே சொல்லிடறேன். சோத்தாங்கை, பீச்சாங்கை. அதுல தப்பே வராது."

அந்தச் சொற்களைக் காதால் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷம்.

"அப்ப இது?"

"முன்னாடி, பீச்சாங்கைப் பக்கம்."

இடது மூலையை அழுத்தினேன். அடுத்தது முன்னால், சோத்தாங்கைப் பக்கம். வலது மூலை. பின்னால் இரண்டும் அப்படியே முடிந்தன.

விசிறிகளை மாட்டித் தரையில் வைத்து, அக்கா ரிமோட்டில் விரலை மெல்ல உயர்த்தினார். ட்ரோன் எழும்பவில்லை. சடாரென்று பக்கவாட்டில் புரண்டு, மல்லாந்து, மொசைக் தரையில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. மறுபடி வைத்தார். மறுபடி புரண்டது. விசிறிகளைச் சரிபார்த்தோம். ஈயம் வைத்த இடங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். போர்டு திரும்பியிருக்கிறதா என்று பார்த்தோம். எதிலும் குறை தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அது அக்காவின் காலடியிலேயே போய்க் கவிழ்ந்தது.

"கோபிக்குப் போன் பண்ணிடறேன்" என்றார் அக்கா. "வரலன்னு சொல்லிடறேன். அவன் சிரிச்சப்பவே நான் புரிஞ்சிக்கிட்டிருக்கணும்."

கிரி அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். இப்போது கேலி இல்லை. "சாப்ட்டுட்டுப் பண்ணு. வெறும் வயித்தோட இதெல்லாம் பேசாத."

அந்த வீட்டில் நான் அதுவரை டீக்கு மேல் எதுவும் சாப்பிட்டதில்லை. மூன்று தட்டுகளில் தயிர்ச்சோறும் மாங்காய்த் தொக்கும் வந்தன. அக்கா ட்ரோனையே பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். எழுதுவது, மவுஸ் பிடிப்பது, ஈயம் வைப்பது எல்லாம் வலது கையால் செய்கிறவர், இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சொல்வதா வேண்டாமா என்று தொக்கை விரலால் ஓரம் தள்ளினேன். பிறகு கேட்டேன்.

"அக்கா, உங்க சோத்தாங்கை எது?"

தயிர் ஒழுக அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார். காட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. என் தட்டில் இருந்த என் கையைப் பார்த்தார்.

"ஐயோ தம்பி" என்றார் மெதுவாக.

கிரி அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கல்யாணமாகி இத்தனை வருஷம் எதிர்ல ஒக்காந்து சாப்பிடறேன். எனக்குத் தோணல பாரு."

முதல் வகுப்பிலேயே டீச்சர் ஸ்கேலால் அடித்து எழுதும் கையை மாற்றிவிட்டாராம். சாப்பிடும் கை மட்டும் மாறவில்லை. சோறு தின்கிற கைதான் சோத்தாங்கை, போ என்று அம்மா விட்டுவிட்டார். அந்தச் சொல்லைத் திருத்த இந்த ஊரில் வேறு யாருமில்லை. வெளியாட்கள் இருந்தால் ஸ்பூன் எடுத்துக்கொள்வாராம், இன்று கவலையில் மறந்துவிட்டார். சொந்தக்காரர் கல்யாணங்களில் பந்தியில் உட்காராமல் விரதம் என்று சொல்லித் தப்பித்துவிடுவாராம். "ஊர்ப்பட்ட விரதம் இருந்துட்டேன்" என்றார். சொல்லும்போது சிரித்தார்தான்.

முதலில் அவர் சொன்ன 'குடி' தெலுங்கில் வலது பக்கம்தானாம். கை கழுவிவிட்டு வந்து, இடது மூலைகளையும் வலது மூலைகளையும் திரையில் மாற்றினோம். அக்கா விரலை உயர்த்தினார். சத்தம் தரையைவிட்டுக் கிளம்பியது. முழங்கால் உயரத்தில், கூடத்தின் நடுவே, ட்ரோன் நின்றது. "கொசு நின்னுடுச்சு" என்றார் கிரி அண்ணன்.

ஞாயிறன்று உப்பல் மண்டபத்தில் நாற்காலிகள் அடுக்கி வைத்தபடி இருந்தன. மேடையில் பழைய ஜோடனைத் துணி தொங்கியது. கோபி ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டார், அக்கா ஒன்றை. கண்ணாடி மாட்டியவருக்குச் சுற்றிலும் எதுவும் தெரியாது என்பதால் நான் அக்காவின் தோள் பக்கம் நின்றேன். ட்ரோன் வாசல் வளைவுக்கு அடியில் நுழைந்தது, நாற்காலி அடுக்குகளுக்கு நடுவே தாழ்வாகப் போனது, மேடையை நோக்கி ஏறியது. ஓரிடத்தில் துணியின் நுனி உரசிக் கொஞ்சம் ஆடியது. ட்ரோன் சமாளித்துக்கொண்டு, மேடையில் நிற்காமல், படிக்குப் பக்கத்துத் தூணருகே போய் அப்படியே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

கோபி கண்ணாடிக்குள்ளிருந்தே கேட்டார். "அங்க என்ன மேடம்? யாருமே இல்லியே."

"கல்யாணத்தன்னிக்கி இருப்பாங்க. பொண்ணோட அம்மா. எல்லாரும் மேடையில இருக்கறப்ப அவங்க மட்டும் இங்க வந்து நின்னுக்குவாங்க. உங்க பையன் ஒருநாளும் இந்தப் பக்கம் திரும்பினதில்ல."

கோபி கண்ணாடியைக் கழற்றி அந்தத் தூணைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் ரிசப்ஷன் ஒண்ணு இருக்கு" என்றார். "பொண்ணு வூட்டுக்காரங்களுக்குச் சொல்லிடறேன். பந்தி நடக்கறப்ப மட்டும் பறக்க வுடாதீங்க, சாம்பார்ல வுழுந்தா என்னால ஆகாது."

வெளியே கிரி அண்ணன் பைக்கில் சாய்ந்து காத்திருந்தார். உள்ளே வரப் பயமாக இருந்ததாம்.

"என்னாச்சு?"

"பேட்டரி பத்தாது" என்றார் அக்கா, பின்னால் ஏறி உட்கார்ந்தபடியே. "ஒரு ரிசப்ஷன் முழுக்க வரணும். வண்டிய எடுங்க, கடை மூடிடப் போறான்."