சைக்கிளை மாற்றுவதா, சக்கரத்தை மாற்றுவதா

நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊர் கணியம்பாடி. முப்பத்தெட்டு வயதில், மற்றவர்களின் ரிப்போர்ட்டில் தினம் பார்க்கும் சர்க்கரை அளவு என் ரிப்போர்ட்டிலும் வந்து நின்றது. அந்தப் பயத்தில்தான் ஓட ஆரம்பித்தேன். ஓட்டத்தோடு நிற்கவில்லை. கொழுந்தனார் நிலத்துக் கிணற்றில் நீச்சல், பிறகு சைக்கிள். நீந்தி முடித்த ஈரத்தோடு சைக்கிளில் ஏறி, அதிலிருந்து இறங்கியதும் ஓட வேண்டிய டிரையத்லான் போட்டிக்கு இரண்டு வருடத்தில் வந்து சேர்ந்துவிட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரியை விட்டு வெளிநாடு போன ஒரு டாக்டரிடம் அந்த சைக்கிளை வாங்கினேன். டிரையத்லானுக்கென்றே செய்தது. ஹேண்டிலின் நடுவில் முன்னால் நீளும் இரண்டு கம்பிகள். அவற்றில் முழங்கையை ஊன்றி, முதுகைக் கிடையாக வைத்து ஓட்ட வேண்டும். காற்று முதுகின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். திருவண்ணாமலை ரோட்டில் விடிகாலையில் அதில் போகும்போது எனக்கு வயதே இல்லை என்று தோன்றும்.

ஆனால் வாங்கிய ஆறாவது மாதத்திலிருந்து அதில் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தேன். முதலில் சீட். அப்புறம் டயர். அப்புறம் இரண்டு சக்கரங்களும். ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் இந்த ஒன்றை மாற்றினால் போதும் என்று நினைப்பேன்.

என் கணவர் எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டுகிறவர். வீட்டுக் கூடத்தில் நான் புதுச் சக்கரத்தைப் பிரித்தபோது என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னாம்மா, மறுபடியும் சக்கரமா? ஒரு மோட்டாருக்கு மூணு தடவை காயில் கட்டியாச்சுன்னா, புதுசு வாங்கிக்கங்கன்னு நானே சொல்லி அனுப்பிடுவேன். நீ இன்னாத்துக்கு இதோட மல்லுக்கட்டிக்கினு கீற?"

"இது நல்லா ஓடுதுங்க. இது ஒண்ணுதான் குறை."

"போன வாட்டியும் இதையேதான் சொன்ன."

அந்த வருடப் போட்டியில் மலைப்பாங்கான பாதை. சைக்கிள் பகுதியை முடிக்க வேண்டிய நேரத்துக்கு நான்கு நிமிடம் பிந்தி வந்தேன். அதற்குமேல் ஓட விடமாட்டார்கள். போட்டி நடத்துபவர்களில் ஒரு பெண் வந்து என் கணுக்காலில் கட்டியிருந்த நேரம் பார்க்கும் பட்டையை மெதுவாக அவிழ்த்துக்கொண்டாள். "சாரிக்கா" என்றாள். நான் சிரித்தேன். கழிப்பறைக்குள் போய்த்தான் அழுதேன். ஊர் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன், தப்பு சைக்கிளுடையது, புதுசு வாங்க வேண்டும் என்று. சாப்பாட்டு இடைவேளைகளில் செல்போனில் ஒரு கறுப்பு சைக்கிளின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அதில் உட்கார்ந்திருக்கும் நான் வேறு யாரோ போல இருப்பேன். மெலிந்து, மூச்சு வாங்காமல்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அமிர்தியைத் தாண்டி மலை ஏறும் ரோட்டில் போனேன். மூன்றாவது வளைவிலேயே தொடை எரிந்தது. முழங்கையை ஊன்றினால் மூச்சு முட்டியது, நிமிர்ந்தால் கை எட்டவில்லை. இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் சாதாரண கியர் சைக்கிளில், கால்களை வேகவேகமாகச் சுற்றிக்கொண்டு, ஏதோ காய் வாங்கப் போகிறவள்போல ஏறி வந்தாள். மலைக்காரி. மேலே ஒரு கிராமத்தில் அரசாங்க நர்ஸ். அவளே நின்று பேசினாள்.

"இன்னாக்கா, பஞ்சரா?"

"இல்லம்மா. முடியல."

என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டு ஏறியவள், இருபதடி போய்த் திரும்பிவிட்டாள்.

"படுத்துக்கினு ஓட்டணும், சரி. பிரேக்கு மட்டும் தள்ளி, ஓரத்து ஹேண்டில்ல கீது. குறுக்க மாடு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

அவள் சைக்கிளை வாங்கி ஏறினேன். பின்சக்கரத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பல்சக்கரம். பெடல் பஞ்சாய்ச் சுற்றியது. நிமிர்ந்து உட்கார்ந்து ஏறியதில் கீழே அடர்ந்து கிடந்த காடு தெரிந்தது. இத்தனை நாள் அந்த ரோட்டில் என் முன்சக்கரத்தைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. அவள் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சிரித்தபடி பின்னால் வந்தாள்.

அடுத்த வாரம் வேலூரில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். புதுசு எது நல்லது என்றுதான் கேட்டேன். அவர் என்னை என் சைக்கிளிலேயே உட்காரவைத்து, தோள், இடுப்பு, முழங்கை எல்லாம் டேப்பால் அளந்தார்.

"மேடம், கை விரல் மரத்துப்போகுமா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"ஆறடி ஆளுக்கு செஞ்ச சைக்கிள் இது. நீங்க எட்டி எட்டிப் புடிச்சிக்கினு கீறீங்க. இதே அளவுல புதுசு வாங்கினாலும் இதேதான்."

நான் மாற்றியவை எல்லாம் சைக்கிளுக்கான மாற்றங்கள். என் உடம்பை ஒருவரும் அளக்கவில்லை, நான் உட்பட. தினம் நூறு பேரின் ரத்தத்தை அளக்கிறவள்.

அவர் ஹேண்டிலைத் தாங்கும் துண்டைக் குட்டையாக மாற்றி நான்கு சென்டிமீட்டர் என் பக்கம் கொண்டுவந்தார். பின்னால் பெரிய பல்சக்கரம், அதற்கேற்ற கியர். "ஒப்பேத்தலாம், அவ்ளோதான்" என்றார். அடுத்த போட்டியில் பதினோரு நிமிடம் மிச்சம் வைத்து சைக்கிளை முடித்தேன். ஓட்டத்தில் என்னைத் தாண்டாதவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் முடித்தேன். கணவர் எல்லைக்கோட்டில் தண்ணீர் பாட்டிலோடு நின்று, திறக்க மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த சைக்கிள் இன்னும் பல வருடம் வரும் என்று நினைத்தேன். அடுத்த மழைக்காலத்தில், இறக்கத்தில், ஈரச்சருகில் வழுக்கி விழுந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். மெக்கானிக் ஒரு ரூபாய் நாணயத்தால் கார்பன் ஃபிரேமை அங்கங்கே தட்டிக்கொண்டே வந்தார். டக், டக் என்று கேட்ட சத்தம் பெடலுக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டது. இன்னொரு முறை தட்டினார்.

"உள்ள விட்டுப்போச்சு மேடம். இதுல இறக்கத்துல போகாதீங்க."

விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவியும் தெரியவில்லை. அவர் கடையிலேயே அதை விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். சக்கரங்களும் சீட்டும் யாருக்காவது உதவும் என்று அவர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் எனக்குத் துக்கம் வரும் என்று காத்திருந்தேன். பெரிதாக வரவில்லை. இரண்டு வருடம் முன்னால் நான் ஆசைப்பட்ட அந்தக் கறுப்பு சைக்கிளை நினைத்துப் பார்த்தேன். அப்போதே வாங்கியிருந்தால், அதையும் எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டு, அதிலும் சீட்டை மாற்றிக்கொண்டிருப்பேன்.

புதுசு வாங்கினேன். டிரையத்லான் சைக்கிள் இல்லை; என் உயரத்துக்கு, வளைந்த ஹேண்டில் உள்ள சாதாரண ரோடு சைக்கிள். சமதளப் போட்டி வந்தால் முழங்கை ஊன்றும் கம்பிகளை அதில் மாட்டிக்கொள்ளலாம், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடலாம். கடையில் வேகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் முதலில் கையை நீட்டி பிரேக் எட்டுகிறதா என்று பார்த்தேன். எட்டியது.